விரல் வைக்கப் பயம் ஏன்?

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கைவிசேடம் வாங்குகிற நாளில் இவர் கைரேகையைப் பற்றிக் கதைக்கிறாரே என்று நீங்கள் நினைக்கக்கூடும். சனிக்கிழமைகளில் எங்கள் சங்கத்தில் படிவம் நிரப்ப உதவுகிறவன் என்ற முறையில் இதை நான் சொல்லத்தான் வேண்டும். பிரித்தானியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்து, சோதனையும் பாஸ் பண்ணி, காசும் கட்டியபின், விரல் அடையாளம் கொடுக்கிற அப்பொயின்ற்மென்றில் தயங்கி நிற்கிற சனத்தைக் காண்கிறேன். ஒரு அம்மா கேட்டா: "தம்பி, விரலை வைச்ச உடனே பழைய பைல் எல்லாம் கிளம்பி வருமோ? திருப்பி அனுப்பிப் போடுவாங்களோ?"

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. ஊரிலே கைநாட்டு என்றால் எழுத்துத் தெரியாதவர் என்ற வெட்கம். இங்கே 1993ஆம் ஆண்டுச் சட்டம், தஞ்சம் கேட்டவர்களிடமும் அவர்களுடைய குடும்பத்தாரிடமும் விரல் அடையாளம் எடுக்க அதிகாரம் கொடுத்தது. 2003 ஜனவரி 15இல் ஐரோப்பாவில் 'யூரோடக்' என்ற கொம்பியூட்டர் பதிவு தொடங்கியது. ஒருவர் முதலில் எந்த நாட்டில் விரல் வைத்தார் என்று கண்டுபிடித்து, அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப அது உதவியது. 2020 முடிவோடு பிரித்தானியா அதிலிருந்து விலகிவிட்டது. பயம்தான் இன்னும் விலகவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த முறை லண்டனில் பிறந்ததல்ல. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரர் பிறகு பேச்சு மாறக்கூடாது என்று அவருடைய கையை ஒப்பந்தத்தில் பதிப்பித்தார். ரேகைகளை வகைப்படுத்தும் முறையைச் சீராக்கியதில் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காள அலுவலருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களுடைய மேலதிகாரி எட்வேர்ட் ஹென்றியின் பெயரில் அது 1901இல் ஸ்கொட்லண்ட் யார்டுக்கு வந்து சேர்ந்தது.

சரி, அப்பொயின்ற்மென்றில் நடப்பது என்ன? உள்துறை அமைச்சுக்காகத் தனியார் கம்பெனி நடத்துகிற நிலையத்துக்குப் போகிறீர்கள். பாஸ்போட்டையோ அகதிப் பயணப் பத்திரத்தையோ, அப்பொயின்ற்மென்ற் கடிதத்தையோடு சேர்த்துக் காட்டுகிறீர்கள். பத்து விரலையும் கண்ணாடியில் வைக்கச் சொல்வார்கள். முகத்தைப் படம் எடுப்பார்கள். அவ்வளவுதான். அங்கே விசாரணை இல்லை. முடிவெடுப்பவரும் அங்கே இருப்பவர் அல்ல.

பத்திரங்களை முன்கூட்டியே நீங்களே இணையத்தில் ஏற்றிவிடுங்கள். காசில்லாத நேரம் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கையில் மருதோன்றி வேண்டாம். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் திகதியை மாற்றுங்கள். கோப்பை கழுவியும் சீமெந்து குழைத்தும் ரேகை தேய்ந்தவர்கள் நாலைந்து நாளுக்கு முந்தியே கிரீம் பூசத் தொடங்குங்கள். பிள்ளைகளைப் பதியும்போது ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களிடம் படம் மட்டும்தான் எடுப்பார்கள். சொன்ன காலத்துக்குள் போகாவிட்டால் விண்ணப்பமே தள்ளுபடியாகலாம்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். பழைய பைல் புதிதாகக் கிளம்பி வருவதில்லை. அது முந்தியே அவர்களிடம் இருக்கிறது. ஆகவே பயப்பட வேண்டியது விரலுக்கல்ல, படிவத்துக்கு. ஏஜென்சிக்காரன் சொல்லித் தந்த பெயரோடும் பிறந்த திகதியோடும் வந்தவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! அன்று சொன்னது ஒன்று, இன்று எழுதுவது ஒன்று என்றால், அதை விளக்கத்தோடு வெளிப்படையாக எழுதவேண்டும். மறைத்துப் பெற்ற பிரஜாவுரிமையை 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின் கீழ் பறிக்கலாம்.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்று. 2025 பெப்ரவரி 10இல் உள்துறை அமைச்சு தன் வழிகாட்டியை மாற்றியது. அந்த நாள் தொடக்கம் விண்ணப்பிக்கிறவர் முன்பு சட்டவிரோதமாக நாட்டுக்குள் வந்தவராயிருந்தால், எத்தனை வருடம் கடந்திருந்தாலும், வழமையாக மறுக்கப்படும் என்றது. லொறியில் வந்து அகதி அந்தஸ்துப் பெற்று, வரி கட்டி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை படிப்பித்தவர்களையும் இது தொடும். மறுத்தால் விண்ணப்பக் காசு திரும்பாது. ஆகவே காசு கட்ட முந்தி, இன்றைய விதி என்ன என்று அதிகாரம் பெற்ற ஒரு லோயரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது என்பது உங்களுக்கு உத்தரவாதம் அல்ல.

இதையெல்லாம் பார்த்துச் சரி என்று கண்டபின் விரல் வைக்கத் தயங்கவே வேண்டாம். ஏனென்றால், பலருக்குத் தெரியாத ஒரு விதி உண்டு. ஒருவர் பிரித்தானியப் பிரஜையானதும் இதற்காக எடுத்த அவருடைய விரல் அடையாளத்தை அழித்துவிட வேண்டும். படத்தை மட்டும் முதல் பிரித்தானியப் பாஸ்போட் கிடைக்கும்வரை வைத்திருப்பார்கள்.

2004 பெப்ரவரியில் பிரென்ற் நகர மண்டபத்தில் முதலாவது பிரஜாவுரிமை வைபவம் நடந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ தமிழர்கள் இப்படி எழுந்து நின்று உறுதிமொழி சொல்லியிருக்கிறார்கள். தகுதி உள்ள ஒருவரும் பயத்தினால் மட்டும் அந்த வரிசைக்கு வெளியே நிற்கக்கூடாது. படிவத்தைக் கொண்டு சனிக்கிழமை வாருங்கள், இருந்து பார்ப்போம்.