தென்றல் வராத அடுப்படி

நடுவர் அவர்களே! ஆலைப் புகையை இந்த மேடையிலே கக்கிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! குற்றாலச் சாரலில் நனைந்துகொண்டே பட்டிமன்றம் கேட்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

"காற்றைப் பெரிதும் கெடுப்பது ஆலையா, வீடா?" வீடுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் போபாலைச் சொன்னார். மறக்க முடியுமா? 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவு, யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். ஆனா ஐயா, ஆலைக்கு ஒரு பேரு இருக்கு, ஒரு கேட் இருக்கு. 1981-லேயே காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தாச்சு. கேட்டுக்கு முன்னால நின்னு கோஷம் போடலாம். அடுப்படி முன்னால யாரு போய்க் கோஷம் போடுறது? போட்டா அன்னைக்குச் சோறு கிடைக்குமா? (கைதட்டல்)

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். ஆனி, ஆடியிலே ஆரியங்காவு கணவாய் வழியா வருதே, அந்தக் காற்றுக்காக மெட்ராஸிலிருந்து ராத்திரி பூரா பயணம் பண்ணி வர்றாங்க. வந்து, அருவிக்கரையிலே எஞ்சினை அணைக்காம, கண்ணாடியை ஏத்திவிட்டு, காருக்குள்ளே ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்காங்க! அது கிடக்கட்டும்.

சீசன் வந்தா ஊருக்கே கொண்டாட்டம். எங்கப்பாவும் நானும் திண்ணையிலே காத்து வாங்குவோம். எங்கம்மாவுக்கு? சாரல்ல விறகு நமத்துப் போயிரும். ஈர விறகு எரியாது, புகையும். ஜன்னலைத் திறந்தா அதே குற்றாலக் காத்து அடுப்பை அணைச்சிரும். அதனாலே ஜன்னலைச் சாத்திட்டு ஊதுவாங்க. தென்றல் எங்க திண்ணை வரைக்கும்தான் வந்தது. அடுப்படிக்கு வரவே இல்லை.

எங்கம்மா பீடி சுத்துவாங்க. ஆயுசிலே ஒரு பீடி குடிச்சதில்லை. அறுபது வயசிலே மூச்சு இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் கேட்டார், "ஏம்மா, எத்தனை வருஷமா பீடி குடிக்கிறீங்க?"

அம்மா சொன்னாங்க: "நான் எங்கய்யா குடிச்சேன்? அடுப்புல்லா குடிக்க வச்சிச்சு!"

டாக்டர் சிரிக்கலை. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். நாற்பது வருஷம் அந்த அடுப்படியைத் தாண்டித்தானே நான் கை கழுவப் போயிருக்கேன்?

விறகுப் புகையிலே கார்பன் மோனாக்சைடு இருக்கு. தலைமுடியின் கனத்திலே முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள் இருக்கு. அது மூக்கிலே நிக்காது, நுரையீரலின் ஆழத்துக்கே போயிரும். 2020-ஆம் ஆண்டிலே மட்டும் வீட்டுக்குள்ளே உண்டாகும் புகையினாலே உலகத்தில் இறந்தவர்கள் 32 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிலே ஐந்து வயசுக்குட்பட்ட குழந்தைகள் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேலே! எதிரணி நண்பரே, இது வீட்டுக்குள்ளேயே நிக்கிற புகையும் இல்லை. ஓட்டு இடுக்கு வழியா ஊர்க்காற்றிலே கலக்குது. நம் நாட்டின் வெளிக்காற்று மாசிலே வீட்டு அடுப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

"அதான் கேஸ் வந்தாச்சே" என்பீர்கள். வந்தது. 2007-லே தமிழக அரசு இலவச அடுப்பு கொடுத்தது. 2016-லே உஜ்வலா வந்தது. முதல் சிலிண்டர் வந்துரும், மறு சிலிண்டருக்குக் காசு? அதனாலே காபிக்கு கேஸ், வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு. எங்க வீட்டிலும் அதே கதைதான். கேஸ் அடுப்பு மேடையிலே பளபளன்னு இருக்கு. பக்கத்திலே எரவாணத்திலே அம்மாவோட ஊதுகுழல் சொருகி இருக்கு. "எடுத்துப் போடுங்கம்மா"ன்னா, "இருக்கட்டும்லே, சிலிண்டர் தீர்ந்தா என்ன செய்வே?"ங்கிறாங்க.

நடுவர் மணி அடிச்சிட்டார். உட்கார்ந்துக்கிறேன்.