தணல் பறக்கும் தூரம்



மெல்பேண் புறநகரில், காட்டோரமாக வீடு வாங்கியிருக்கும் ஒரு ஐயாவோடு அண்மையில் கதைத்துக்கொண்டிருந்தேன். காட்டுத்தீ பற்றிப் பேச்சு வந்தது. "காட்டுக்கும் எங்கட வீட்டுக்கும் நடுவிலை பெரிய றோட்டு இருக்குது தம்பி. நெருப்பு அதைத் தாண்டாது. தாண்டினாலும் நான் வீட்டை விட்டுப் போகமாட்டன். ஒருக்கா விட்டிட்டு வந்தது காணும்" என்றார்.

கடைசி வசனத்துக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வீதியைப் பற்றிய நம்பிக்கைக்குப் பதில் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

2009ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் திகதி, கறுப்புச் சனி. மெல்பேணில் வெப்பம் 46.4 பாகை செல்சியஸ். அன்று விக்டோரியாவில் மூண்ட தீக்களில் 173 பேர் உயிரிழந்தார்கள். 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. கில்மோர் ஈஸ்டில் மின்கம்பி அறுந்து மூண்ட தீ, அகன்ற ஹியூம் நெடுஞ்சாலையைத் தாண்டி கிங்லேக் பக்கம் போனது. வீதியைத் தாண்டத் தீச்சுவாலை தேவையில்லை, பறக்கும் தணல் போதும்.

தணல் எப்படி உண்டாகிறது? மரம் சூடேறும்போது அதிலிருந்து வாயுக்கள் வெளியேறுகின்றன. அவை எரிவதுதான் சுவாலை. வாயு தீர்ந்தபின் மிஞ்சும் கரி, சுவாலையின்றிச் செந்நிறமாகக் கனன்றுகொண்டிருக்கும். அதுதான் தணல். ஊரில் பெட்டிக்கடை வாசலில் சுருட்டுப் பற்றவைக்கத் தொங்கும் தும்புக்கயிறு ஞாபகம் இருக்கிறதா? சுவாலை இல்லாமல் மணிக்கணக்காகப் புகைந்துகொண்டிருக்கும். வாயால் ஊதினால் பளிச்சென்று சிவக்கும்.

இந்த நாட்டு யூகலிப்டஸ் மரங்களின் பட்டையும் அப்படித்தான். ஸ்ட்ரிங்கிபார்க் வகை மரங்களில் பட்டை, தும்பு தும்பாக இருக்கும். தீ அடிமரத்தில் பிடித்து மேலே ஏறும்போது, இந்தத் தும்புகள் எரிந்தபடி ஆயிரக்கணக்கில் கழன்று, தீக்கு முன்னால் மழைபோல் கொட்டும். வேறு சில வகைகளில் பட்டை நீண்ட நாடாவாக உரிந்து, சுருண்டு, குழல்போலத் தொங்கும். குழலின் உள்ளே தணல் பாதுகாப்பாகக் கனன்றுகொண்டிருக்கும். பட்டையோ பாரமில்லாதது. எரியும் காட்டிலிருந்து எழும் சூடான காற்று அதை மிக உயரத்துக்குத் தூக்கிவிட, மேற்காற்று அள்ளிக்கொண்டு போகும். இப்படி 30 கிலோமீற்றர் தூரத்திலும் புதுத்தீ மூண்டது பதிவாகியிருக்கிறது.

காட்டுத்தீயில் அழியும் வீடுகளில் பெரும்பாலானவை, சுவாலை நேரே தொட்டு எரிந்தவை அல்ல. தணல் விழுந்து எரிந்தவை. கூரைப் பீலியில் சேர்ந்த சருகு, வாசலில் கிடக்கும் தும்புக் கால்மிதி, மரத்தளத்தின் கீழே அடுக்கிய விறகு, ஓட்டு இடுக்கு, காற்றுத் துவாரம் ஆகிய இடங்களில் ஒரு தணல் விழுந்தால் போதும். பிரதான தீ வருவதற்கு முன்னும், அது கடந்துபோய்ப் பல மணி நேரம் கழித்தும் தணல் வீட்டைப் பிடிக்கலாம்.

ஆகவே கோடைக்கு முன்பே பீலியைத் துப்புரவாக்குங்கள். துவாரங்களுக்கு 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத கண்ணுள்ள உலோக வலை அடியுங்கள். விறகையும் காய்ந்த சருகையும் சுவரோரத்திலிருந்து அகற்றுங்கள். வயோதிபர்கள் ஏணியில் ஏறவேண்டாம், பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இனி அந்த ஐயாவின் கடைசி வசனம். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்டவர்களுக்கு, வீட்டைப் பூட்டிவிட்டு இறங்குவதன் வலி யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இது திரும்பி வருவதற்கான பயணம். வீட்டைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பங்கு பீலியிலும் வலையிலும் முற்கூட்டியே முடிந்துவிடும். உங்கள் உயிரைக் காப்பாற்றுவது நேரத்தோடு புறப்படுவதுதான். கறுப்புச் சனியன்று பிந்தி வெளிக்கிட்டு, புகைக்குள் வாகனத்திலேயே இறந்தவர்களும் உண்டு. மிக மோசமான தீ அபாய நாள் என்று அறிவித்தால் முதல் நாள் இரவோ, அன்று அதிகாலையிலோ உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். கடவுச்சீட்டு, உறுதி, மருந்து, படங்கள் எல்லாம் ஒரு பையில் தயாராக இருக்கட்டும். அந்தப் பையைக் கட்ட எங்களுக்கு யாரும் பழக்கத் தேவையில்லை.

ஆங்கிலம் சிரமமானவர்கள் 131 450 என்ற எண்ணை அழைத்து, "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். அவர் மூலம் விக்டோரிய அவசரத் தகவல் இலக்கமான 1800 226 226உடன் பேசலாம். உயிராபத்து என்றால் 000.

வருகிற சனிக்கிழமை அந்த ஐயா வீட்டுக்கு ஏணியோடு போகிறேன். உங்கள் அயலிலும் தனியே ஒரு ஐயாவோ அம்மாவோ இருந்தால், நீங்களும் ஒருதடவை போய்ப் பீலியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.