கருவி விளக்கம் தெளிவாக இருக்கட்டும்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



இப்போ வந்திருக்கிற ஏஐ உதவியாளர் பதில் சொல்வதோடு நிற்பதில்லை. கணக்குப் பார்க்கும், பதிவும் போடும். ஒவ்வொரு வேலைக்கும் அதற்கு ஒரு ‘கருவி’ கொடுக்கிறார்கள். கருவிக்குப் பெயரும் விளக்கமும் எழுதி வைக்கணும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்.சி.பி. முறையிலும் இப்படித்தான். அந்த விளக்கத்தைப் படித்துத்தான் எந்தக் கருவியை எடுப்பதென்று ஏஐ முடிவு செய்கிறது. நம்ம ஊக்குநர் மாதிரி அதுக்குக் குழுப் பழக்கம் தெரியாது.

“பணம் பதிவு செய்யும்” என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? கட்டிய கடன் தவணை சேமிப்பில் ஏறிவிடலாம். ஒழுங்காகக் கட்டிய அக்கா பெயரில் பாக்கி நிற்கும். அடுத்த கடனும் தள்ளிப்போகும்.

இப்படி எழுதலாம்: “உறுப்பினர் கட்டிய உள்கடன் தவணையைப் பதிவு செய்யும். சேமிப்புக்கும் வங்கிக் கடனுக்கும் பயன்படுத்தக் கூடாது. உறுப்பினர் எண், அசல், வட்டி தனித்தனியே ரூபாயில், தேதி நாள்-மாதம்-வருடம் வரிசையில் தேவை. எண் தெரியாவிட்டால் ஊகிக்காமல் கேட்கவும். பதிந்ததும் மீதிக் கடனைக் காட்டும்.”

விளக்கம் மட்டும் போதாது. பதிவு போடுமுன் நம்ம சம்மதம் கேட்கும்படி மென்பொருளிலேயே வைக்கச் சொல்லணும்.

மென்பொருள் செய்பவருக்கு உள்கடனும் வங்கிக் கடனும் ஒன்றாகத் தெரியலாம். வித்தியாசம் தெரிந்தவர்கள் நாம்தான். விளக்கத்தைத் தமிழில் வாசிச்சுக் காட்டச் சொல்வோம். நமக்குப் புரியலைன்னா திருத்தச் சொல்வோம்.