வளரிளம் பருவமும் உடற்பருமனும்



கொழுகொழுவென்று இருப்பதே ஆரோக்கியம் என்னும் எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றியுள்ளது. நம் பிள்ளைகளோ உடற்பருமனை அழகைக் கெடுக்கும் குறையாக மட்டுமே காண்கின்றனர். அது உடலினுள் விளைவிக்கும் கேட்டை அவர்களுக்கு எடுத்துரைப்பது நம் கடமையாகும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 5 முதல் 19 வயதுடையோருள் மிகை எடை கொண்டோர் 1990இல் 8 விழுக்காடு. 2022இல் 20 விழுக்காடு. அதிலும் ஐரோப்பியரைவிடக் குறைந்த பருமனிலேயே நம் நாட்டவரை நீரிழிவு பற்றுகிறது.

முதுமையின் நோய்கள் என நாம் கருதிய இரண்டாம் வகை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு ஆகியவை பள்ளிப் பருவத்திலேயே தோன்றக்கூடும். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. ஆயினும் உடல் சில அடையாளங்களைக் காட்டும். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிப்பது அவற்றுள் ஒன்று. அழுக்கென்று எண்ணித் தேய்த்தால் அது போகாது. இன்சுலின் சரிவர வேலை செய்யாமையின் அறிகுறியாகவே அது பெரும்பாலும் அமைகிறது. உறக்கத்தில் உரத்த குறட்டை, பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு ஒழுங்கின்மை ஆகியவற்றையும் மருத்துவரிடம் தயங்காது கூற வேண்டும்.

‘குண்டு’ என்று கேலி செய்வதால் எடை குறையாது. மனம் நொந்த பிள்ளை காலை உணவைத் துறக்கும். விளம்பரத் தூள்களை நாடும். தன் உடலில் காணும் மாற்றத்தைப் பெற்றோரிடம் மறைக்கும். ஆகவே கனிவுடன் பேசுவோம்.

300 மில்லி குளிர்பானம் பலவற்றில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை உள்ளது. அதாவது ஆறு தேக்கரண்டி. நம் விருந்துகளில் பிரியாணியுடன் அதை வழங்கும் வழக்கத்தை விடுத்துத் தண்ணீர் வைப்போம். வளரும் பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேர உடலுழைப்பு தேவை. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையிலான விளையாட்டு நேரத்தை டியூஷனுக்காகப் பறித்துவிட வேண்டா. பெண்பிள்ளைகளுக்கும் ஓடியாட இடமும் நேரமும் ஒதுக்குவது நம் பொறுப்பு.

இளைஞர்களே! பிறர் கண்ணுக்கு அழகாகத் தோன்றுவதற்காக அன்று, நாற்பது வயதிலும் நோயின்றி உழைப்பதற்காக இன்றே உங்கள் உடலை அறிந்து பேணுங்கள்.