பிள்ளையிடம் சொன்ன பொய்

(நமது டிரஸ்டின் குடும்ப ஒன்றுகூடலில் செயலாளர் ஆற்றிய உரை)



கடந்த தைப்பட்டத்தில், என் மகள் வயிற்றுப் பேத்தியை அழைத்துக்கொண்டு திண்டிவனம் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போனேன். அவளுக்கு ஐந்து வயது. குழித்தட்டுகளில் நின்ற கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுகளில், "நன்னா, பெரிசுதான் வேணும்" என்று உயரமானவற்றையே கேட்டாள். நானும் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

உயரம் பார்த்து வாங்கக் கூடாது. தண்டு குட்டையாக, தடிப்பாக இருக்க வேண்டும். இலையின் அடியில் வெள்ளை ஈ இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். பூ விட்ட நாற்று வேண்டாம். தக்காளி நாற்றுக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள் வயது சரியாக இருக்கும்.

விழுப்புரம் திரும்ப மதியம் ஆகிவிட்டது. பிள்ளை பொறுக்கவில்லை. உச்சி வெயிலிலேயே மொட்டைமாடிப் பைகளில் நட்டோம். அது அடுத்த தவறு. அஸருக்குப் பிறகு, வேர்மண் உடையாமல் நட்டு, தண்ணீர் தெளித்திருக்க வேண்டும். மூன்றாம் நாள், அவள் 'என் செடி' என்று சொல்லிவந்த கத்தரி காய்ந்துபோனது.

பிள்ளை அழுமே என்று, அன்று இஷாவுக்குப் பிறகு அந்தப் பையில் வேறு நாற்றை நட்டுவைத்தேன். காலையில் பார்த்தவள், "என் செடியில ஒரு இலை ஓட்டையா இருக்கும். இது வேற" என்றாள். "இல்லம்மா, அதேதான்" என்றேன். அவள் அதற்குத் தண்ணீர் ஊற்றவே இல்லை.

மதரஸாவில் ஓதிய ஹதீஸ் நெஞ்சில் தைத்தது. ஒரு தாய், ஏதோ தருவதாகச் சொல்லித் தம் மகனை அழைத்தார். என்ன கொடுக்க நினைத்தீர் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது பொய்யாகப் பதிவாகியிருக்கும் என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். அபூதாவூதில் வருகிறது இது. பிள்ளையிடம் சொன்னாலும் பொய், பொய்தான்.

மாலையில் அவளிடம் சொன்னேன்: "நன்னா பொய் சொல்லிட்டேம்மா. உன் செடி காஞ்சுபோச்சு." அழுதாள். பிறகு, "இதுவாவது சாகாம பாத்துக்கணும்" என்று குவளையை எடுத்தாள். அன்றிலிருந்து ஒளூ செய்யும் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவந்தோம்.

இரண்டு மாதத்தில் காய்த்தது. முதல் காயை அணில் கடித்துவிட்டது. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது தர்மம் என்று புகாரியில் வரும் செய்தியைச் சொன்னேன். "அப்போ அணில் தின்னதும் எனக்கு நன்மையா?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். என் சொல்லை நம்பினாள்.

சகோதரர்களே, ஆடிப்பட்டத்துக்கு ஆளுக்கு நான்கு நாற்றாவது பிள்ளைகளோடு சேர்ந்து நடுங்கள். பட்டுப்போனால், பட்டுப்போனது என்றே சொல்லுங்கள். செடி இன்னொன்று வாங்கலாம். பிள்ளைக்கு நம் மேலுள்ள நம்பிக்கை கடையில் கிடைக்காது.

அல்லாஹ் நம் சொல்லிலும் செயலிலும் உண்மையைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.