பீலித் தண்ணீரும் ஒரு சொல்லும்

விடியற்காலையில் லயத்துப் பீலிக்கரையில் கை நீட்டியவர்களுக்கு நம் மலைத் தண்ணீரின் குளிர் தெரியும். கண்ணை மூடிக் காதைப் பொத்திக்கொண்டாலும் அது தெரியத்தான் செய்யும்.

1887 ஏப்ரல் 5ஆம் திகதி, அமெரிக்காவின் அலபாமாவில், ஒரு கைப்பம்படியில் ஆறு வயதுச் சிறுமி இப்படித்தான் கை நீட்டி நின்றாள். பெயர் ஹெலன் கெலர். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த நோய் பார்வையையும் கேள்வியையும் கொண்டுபோயிருந்தது. ஒரு கையில் தண்ணீர் கொட்ட, மறு கையில் ஆசிரியை ஆன் சலிவன் தண்ணீருக்குரிய ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக விரலால் பதித்தார். சொல்லும் பொருளும் ஒட்டிக்கொண்டன. சில மணி நேரத்தில் முப்பது சொற்கள்!

பலரும் கேட்ட கதைதான். நான் பேச வந்தது அதற்கு முந்திய ஐந்து வருடங்களைப் பற்றி.

தன் வீட்டில் ஹெலனுக்குச் சைகைகள் இருந்தன. ரொட்டி கேட்க, துண்டு வெட்டி வெண்ணெய் தடவுவதாகக் காட்டுவாள். ஐஸ்கிரீம் என்றால் உடம்பை நடுக்குவாள். சமையற்காரியின் மகள் மார்த்தாவுக்கு அந்தச் சைகையெல்லாம் அத்துப்படி. நோய்க்கு முன் பேசிய மழலையில் ஒன்று மட்டும் தங்கியிருந்தது: தண்ணீரைக் குறித்த ‘வா-வா’. ஆசிரியை ஏற்றிய விளக்குக்கு எண்ணெய் ஊற்றி வைத்தது அந்த அடுப்படிதான் என்பேன்.

அதே வீடு இரக்கத்தால் அவளைக் கெடுத்தும் வைத்திருந்தது. எல்லார் தட்டிலும் கைவிட்டுத் தின்பாள், ஒருவரும் தடுப்பதில்லை. ஒருநாள் தாயையே சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். அதனால்தான் சலிவன் அவளைப் பக்கத்துச் சிறு வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தனியே இருந்தார். கடுமையான முடிவுதான், ஆனாலும் பெற்றோர் சம்மதித்தார்கள்.

தாய் கேட் கெலர் தேடுவதை நிறுத்தாதவர். லோரா பிரிட்ஜ்மன் என்ற பார்வையும் கேள்வியும் அற்ற பெண் பொஸ்டனில் படித்ததைச் சார்ல்ஸ் டிக்கன்சின் பயண நூலில் வாசித்தார். தகப்பன் மகளை அலெக்சாண்டர் கிரகாம் பெல்லிடம் கொண்டுபோனார். அவர் காட்டிய வழி பொஸ்டனின் பேர்கின்ஸ் பள்ளியில் முடிந்தது. அங்கிருந்துதான் இருபது வயது சலிவன் வந்தார். அவர் ஏழைகள் விடுதியில் வளர்ந்தவர், கண்நோயால் பார்வை குன்றியவர். அவருக்கு விரலெழுத்துக் கற்றுக்கொடுத்தவர் அதே லோரா பிரிட்ஜ்மன்!

பம்படிச் சம்பவம் நடந்த சில நாளில் சலிவன் பாட நேரத்தையே கைவிட்டார். பேசத் தொடங்காத ஒரு பதினைந்து மாதக் குழந்தை, பெரியவர்கள் சொல்வதை விளங்கிக்கொள்வதைக் கவனித்தார். குழந்தையின் காதில் பேசுவதுபோல ஹெலனின் கையில் பேசுவது என்று முடிவெடுத்தார். பிறகு தோட்டமும் தொழுவமும்தான் வகுப்பறை.

இதைச் செய்ய மாளிகை தேவையில்லை, நேயர்களே. மலையிலிருந்து இறங்கி வரும் அம்மா, கொழுந்துக்கூடைக் கயிற்றைப் பார்வையும் கேள்வியும் அற்ற பிள்ளையின் கையில் கொடுத்தால் அதுவே அவருடைய பெயர். பிள்ளைக் காம்பரா ஆயம்மாவுக்கு வளையல், அப்பாவுக்கு மீசை. ஒருவருக்கு ஒரே அடையாளம், ஒவ்வொரு நாளும். தொடாமல் தூக்கவோ இழுக்கவோ வேண்டாம். முதலில் கையைத் தொட்டு யாரென்று சொல்லுங்கள்.

கர்ப்ப காலத் தொடக்கத்தில் ரூபெல்லா தொற்றினால் பிள்ளை கண், காது இரண்டும் பாதிக்கப்பட்டுப் பிறக்கலாம். 1996 முதல் அதற்குத் தடுப்பூசி போட்டுவந்த நம் நாடான இலங்கை, 2020இல் அந்நோயை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதே பாதிப்பைத் தரக்கூடிய குறைமாதப் பிறப்பும் மூளைக்காய்ச்சலும் இன்னும் இருக்கின்றன.

உங்கள் லயத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், ‘பாவம், அதுக்கு என்ன தெரியும்’ என்று காம்பராவுக்குள் இருத்திவிடாதீர்கள். குடும்பநல மாதுவிடம் இந்தக் கிழமையே சொல்லுங்கள். அதுவரை, நாளைக் காலை பீலிக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப்போய்த் தண்ணீரில் கை வைக்கவிடுங்கள்.