உலோக ஆக்சைடு நானோ துகள்களும் மண்ணும் பயிரும்

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள துத்தநாக ஆக்சைடுக் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். ஏறத்தாழ 15 சென்ட் நிலம். பொருளும் எடையும் மாறவில்லை. வெளியே தெரியும் முகம் பத்து லட்சம் மடங்காகிவிட்டது. கரைவதும், பிறவற்றைப் பற்றிக்கொள்வதும், வினைபுரிவதும் மேற்பரப்பில்தான் நடக்கின்றன. 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகள்களைத் தனி வகையாகக் கருதுவது இதனால்தான்.

இத்துகள்கள் வயலுக்கு இரண்டு வழிகளில் வருகின்றன. வெயில் தடுப்புப் பூச்சுகளில் டைட்டானியம் டை ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும் உள்ளன. குளியலறையில் கழுவப்படும் அவை கழிவுநீர் நிலையத்தின் சேற்றில் படிகின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் அந்தச் சேறு எருவாக வயலில் இடப்படுகிறது. வழியிலேயே துத்தநாக ஆக்சைட்டின் பெரும்பகுதி சல்பைடாகவும் பாஸ்பேட்டாகவும் மாறிவிடுவதால், ஆலையிலிருந்து புறப்பட்ட பொருளே வயலைச் சேர்கிறது என்று கொள்ள முடியாது. இரண்டாவது வழி நேரானது: உரமாகவோ பூச்சி, பூஞ்சாண மருந்தாகவோ உழவரே தெளிப்பது.

மண்ணில் விழுந்த துகளின் கதியைப் பெரிதும் தீர்மானிப்பது மண்தான். அமில மண்ணில் துத்தநாக ஆக்சைடு விரைவாகக் கரைந்து அயனியாகிறது. சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் மெதுவாகவே கரைகிறது. கரைந்ததும் மண்ணோடு பிணைந்துவிடுகிறது. மட்கு துகளின் மேல் உறைபோல் படிகிறது. களிமண் அதைப் பிடித்து வைக்கிறது. நீர் நிற்கும் நெல்வயலில் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சல்பைடு உருவாகிறது. ஒரு மண்ணில் கேடு செய்த அளவு வேறொரு மண்ணில் ஒன்றுமே செய்யாமல் போவது இதனால்தான்.

ஆய்வகத் தண்ணீரில் கிடைத்த முடிவுகளை அப்படியே வயலுக்குப் பொருத்தக் கூடாது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், துத்தநாக ஆக்சைடு நானோ துகள் கலந்த நீரில் முள்ளங்கியின் வேர் வளர்ச்சி பாதியாகக் குறைய லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் போதுமானதாக இருந்தது. ரைகிராஸ் புல்லுக்கு 20 மில்லிகிராமே போதும். அங்கே துகளைத் தடுக்கக் களிமண்ணும் இல்லை, மட்கும் இல்லை.

மண்ணிலேயே நடந்த சோதனைகளில் மிகவும் கவனிக்கத்தக்கது, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட சோயா மொச்சை ஆய்வு. துத்தநாக ஆக்சைடு இட்ட செடிகளில் துத்தநாகம் இலை, விதை வரை பரவியது, வளர்ச்சி குன்றவில்லை. டீசலில் சேர்க்கப்படும் சீரியம் ஆக்சைடு வேறு விதமாக நடந்துகொண்டது. அது கரையாமல் வேரிலும் வேர்முடிச்சுகளிலும் தங்கியது. உயர்ந்த அளவில் தழைச்சத்தை நிலைப்படுத்தும் பணியே நின்றது, விளைச்சலும் குறைந்தது.

வேர்முடிச்சை உழவர் நன்கு அறிவார். உளுந்தையோ நிலக்கடலையையோ பிடுங்கி முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால், வேலை செய்யும் முடிச்சின் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். செயலிழந்தது வெளிறியோ பச்சையாகவோ இருக்கும். செடியின் மேற்புறம் பசுமையாக இருக்கும்போதே பயறுவகைப் பயிரின் ஆதாயம் நிலத்துக்கடியில் போய்விடக்கூடும். மண்ணின் நுண்ணுயிர்களும் தப்புவதில்லை: 60 நாள் நடந்த ஒரு சோதனையில் டைட்டானியம், துத்தநாக ஆக்சைடுகள் இரண்டுமே பாக்டீரியாக் கூட்டத்தின் அமைப்பை மாற்றின, துத்தநாகத்தின் தாக்கமே கூடுதல்.

ஆயினும் துத்தநாகம் பகைப்பொருள் அன்று. 1966இல் பந்த்நகரில் ஒய். எல். நேனே, நெல்லின் கைரா நோய்க்குக் காரணம் துத்தநாகக் குறைவே என்று காட்டினார். இந்திய மண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இக்குறை உண்டு. இதற்காக நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடும் வழக்கம் தமிழகத்திலும் உள்ளது. அதில் பெரும்பங்கை மண்ணே பிணைத்துவிடுகிறது. குறைந்த அளவில் இலைவழி தெளிக்கும் நானோ துத்தநாகத்துக்கு இங்கே உண்மையான பயன் உண்டு. எல்லையை மட்டும் மறக்கக் கூடாது: இலையின் உலர் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான பயிர்களுக்குப் பற்றாக்குறை; சில நூறு மில்லிகிராமைத் தாண்டினால் நஞ்சு.

பயிருக்குத் தேவையான, கரையும் உலோகத்தை அளந்து இலையில் தெளிப்பது ஒன்று; பயிருக்குத் தேவையே இல்லாத, கரையாத ஆக்சைடைச் சேற்றோடு ஆண்டுதோறும் மண்ணில் சேர்ப்பது முற்றிலும் வேறு. முதலாவதை அனுமதிக்கலாம், இரண்டாவதை நிறுத்த வேண்டும். நானோ வேளாண் இடுபொருள்களை மதிப்பிட இந்திய அரசு 2020இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சோதனைகளோ பெரும்பாலும் தொட்டியில், ஒரு பருவத்தோடு முடிகின்றன. உழுமண்ணில் கலந்துவிட்ட சீரியம் ஆக்சைடை வயலிலிருந்து திரும்பப் பிரித்தெடுக்கும் முறை எதுவும் நடைமுறையில் இல்லை.